தோல்வியில் பிறக்கும் நகை

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். நகை பிறத்தற்குரிய நிலைக்களன்கள் பேதைமை, மடன், இளமை, எள்ளல் என நான்கு. அழுகை பிறத்தற்குரியனவும் வறுமை, அசைவு, இழவு, இளிவு என நான்கே. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு மெய்ப்பாடுகளையும் தொடர்பற்றவை போலவே நாம் வகுப்பில் கற்பித்து வருகிறோம். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, நகையை ஒருபுறமும் அழுகையை மறுபுறமும் எழுதி விடுகிறோம். மாணவரும் அவ்வாறே படித்துத் தேர்வில் எழுதி விடுகின்றனர். ஆனால், அழுகைக்குரிய நான்கு களன்களும் ஒருங்கே அமைந்த ஓரிடத்தில் அழுகை பிறவாமல் நகை பிறக்குமாயின், அதனைக் கோட்டின் எப்புறத்தில் எழுதுவது?

அத்தகைய இடம் ஒன்று நம் கண்முன்னே உள்ளது. மலேசியத் தேசியக் காற்பந்து அணியைத் தந்தை, மகன், பெயரன் என மூன்று தலைமுறையாகப் பின்பற்றி வரும் சுவைஞர் கூட்டமே அது. 'ஹரிமாவ் மலாயா' என்று புலியின் பெயர் பூண்ட அவ்வணி ஒருமுறையேனும் உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்றதில்லை. ஆயினும் அதன் சுவைஞர் அகலவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் தேநீர்க் கடைகளில் எழும் பேச்சில் புலம்பலைக் காட்டிலும் சிரிப்பே மிகுதியாகக் கேட்கிறது. இச்சிரிப்பின் இயல்பு என்ன, இதற்கு இலக்கணம் உண்டா, இது கொள்ளத்தக்கதா, தள்ளத்தக்கதா என்பன ஆராய்தற்குரியன.

புலமை பேசும் பக்கத்தில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு உடம்பின்வழிப் புலப்படுதல் என்பர் உரையாசிரியர். நம் காலத்தில் எண்பதினாயிரம் பேருடைய உள்ளம் ஒரே நொடியில் உடம்பின்வழிப் புலப்படும் இடம் புக்கிட் ஜாலில் அரங்கத்தைப் போல் வேறொன்று இந்நாட்டில் இல்லை. இலக்கணம் வாழ்வைக் கண்டு எழுதப்பட்டது என்பது உண்மையாயின், வாழ்வு நிகழும் இடத்தில் அதனைப் பொருத்திக் காண்பது குற்றமாகாது.

ஏற்றமும் இறக்கமும்

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஏனெனில், எப்போதும் தாழ்ந்தே கிடந்த ஒன்றின் தாழ்வு எவருக்கும் நகையைத் தருவதில்லை. உயரத்தில் இருந்தது இறங்கும்போதுதான் நகைக்கும் அழுகைக்கும் இடம் பிறக்கிறது.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டிலேயே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. மறு ஆண்டு 1958இலும், அதனை அடுத்து 1959இலும் மலாயாவே கிண்ணத்தை வென்றது. 1960இல் தென்கொரியாவுடன் அதனைப் பகிர்ந்துகொண்டது. 1971இல் சியோல் நகரிலேயே தென்கொரியாவை ஒரு கோலால் வீழ்த்தியது. 1972 மூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்று அமெரிக்க அணியை 3–0 என வென்றது. 1974 தெஹ்ரான் ஆசியப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. அந்நாளில் கொரியரும் ஜப்பானியரும் நம்மை எண்ணி அஞ்சினர் என்று முதியவர் கூறக் கேட்கும் இளைஞர் அதனைப் புராணம் என்று நினைக்கின்றனர். அது புராணமன்று, வரலாறே.

1980ஆம் ஆண்டு அவ்வேற்றத்தின் முடி எனலாம். அவ்வாண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த தகுதி ஆட்டத்தில் ஹாசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும் கோல் புகுத்த, தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு நம் அணி தகுதி பெற்றது. சோ சின் ஆன், சந்தோக் சிங், மொக்தார் டஹாரி, ஆர். ஆறுமுகம் என்று அக்காலத்துப் பெயர்களைச் சொல்லும்போதே இந்நாட்டின் எல்லா இனமும் வரிசையில் வந்து நிற்கும். ஆனால் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மாஸ்கோவைப் புறக்கணித்த நாடுகளுடன் மலேசியாவும் சேர்ந்தது. நமக்குரிய இடத்தில் ஈராக் ஆடியது. ஒலிம்பிக் காற்பந்துக்கு நம் அணி மீண்டும் தகுதி பெறவே இல்லை. வென்றும் செல்லாத ஒரே பயணம் என்று முதியவர் இன்றும் இதனைச் சொல்லிச் சிரிப்பர். அச்சிரிப்பில் ஈரம் உண்டு.

அதன்பின் இறக்கம். உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் தரவரிசையில் 1993இல் 75ஆம் இடத்தில் இருந்த நாடு, 2018இல் 178ஆம் இடத்திற்கு வந்தது. 2007இல் ஆசியக் கிண்ணத்தை நடத்திய நான்கு நாடுகளுள் ஒன்றாக இருந்து, சொந்த மண்ணில் சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 எனத் தோற்றது. 2015 ஜூனில் பாலஸ்தீனத்திடம் புக்கிட் ஜாலிலில் 0–6. செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0–10.

இடையிடையே ஒளியும் உண்டு. கே. இராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோது, இருபதாண்டு இடைவெளிக்குப் பின் 2009இல் தென்கிழக்காசியப் போட்டியின் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் 4–2 எனும் கூட்டு எண்ணிக்கையில் வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை நம் அணி முதன்முறையாகக் கைப்பற்றியது. அரசு டிசம்பர் 31ஆம் நாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது. இத்தகைய ஒளி அவ்வப்போது தோன்றாவிடில் சுவைஞர் என்றோ கலைந்திருப்பர். வறண்ட காலத்தில் ஒரு மழை பெய்தால் உழவன் அடுத்த போகத்திற்கு விதை தேடுவான் என்பதைச் செகிஞ்சான் வயல்வெளிகளைக் காண்போருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நால்வகைக் களன்

இனி, இச்சுவைஞரின் நகை தொல்காப்பியர் கூறிய நான்கு களன்களில் எவ்வெவ்வாறு பிறக்கிறது என்பதைக் காண்போம்.

இளமை முதலாவது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும், "இவர்கள் இளைஞர்கள், அனுபவம் பெற்று வருகிறார்கள்" என்னும் விளக்கம் தரப்படும். அதைக் கேட்டு நம் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒருவர், "இந்த இளைஞருக்கெல்லாம் பேரப்பிள்ளை பிறந்தாச்சு, இன்னும் அனுபவம் வரலியே!" என்றார். ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிய இளைஞர் வருவர். விளக்கம் மட்டும் முதுமை எய்தும்.

பேதைமை இரண்டாவது. தகுதிச் சுற்றின் இறுதியில் நம் சுவைஞர் தாளும் எழுதுகோலும் எடுத்துப் போடும் கணக்கில் இதனைக் காணலாம். நாம் ஐந்து கோலில் வெல்ல வேண்டும். அதே வேளையில் வேறொரு நகரில் முதலிடத்து அணி கடைசி அணியிடம் தோற்க வேண்டும். மூன்றாவது ஆட்டம் சமனில் முடிய வேண்டும். கணிதத்தில் பிழை இராது. கணிதம் நன்கு அறிந்தவரே இவ்வாறு கணக்கிடுவதுதான் நகைக்கு இடம்.

மூன்றாவது மடன். இச்சொல்லை வெறும் அறியாமை என்று கொள்வோர் உண்டு. மடம் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் பொருள் நுட்பமானது: பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொள்ளுதல், ஏற்றுக்கொண்டதை எக்காரணத்தாலும் கைவிடாதிருத்தல். நெடுநாள் தோற்ற அணியின் சுவைஞனுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் எழுத இயலுமா? தந்தை தோளில் அமர்த்திக் காட்டிய அணியை மகன் ஏற்றான். ஏற்றதை விடவில்லை. விட்டுவிடப் போதிய காரணங்கள் ஆண்டுதோறும் கிடைத்தும் விடவில்லை. இம்மடன் நகைக்குக் களனாக இருப்பதுடன் அன்பிற்கும் களனாக இருக்கிறது.

நான்காவது எள்ளல். நம் ஆய்வின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. எள்ளல் என்றவுடன், வலியவன் மெலியவனைப் பார்த்து நகுதல் என்றே நாம் பொருள் கொள்கிறோம். பேராசிரியர் தம் உரையில் எள்ளலை இருவகையாகப் பகுத்துள்ளார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவது மற்றொன்று. முன்னதை உலகம் நன்கறியும். பின்னதைப் பேராசிரியர் தனியே எடுத்துக் காட்டியிருப்பது வியக்கத்தக்கது. எள்ளப்பட்டவன் சினந்திருக்கலாம், நாணியிருக்கலாம், அழுதிருக்கலாம். இவை யாவும் இயல்பே. அவன் நகுவானாயின், எள்ளியவன் கையிலிருந்த படைக்கலத்தைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறான் என்பது பொருள்.

2015இல் நடந்ததைப் பாருங்கள். ஜூனில் வாங்கிய கோல் ஆறு, செப்டம்பரில் வாங்கிய கோல் பத்து. அயல்நாட்டார் நம்மை எள்ளிக்கொண்டிருந்த அவ்வாரத்தில், தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாருங்க சார், ஆறும் பத்தும் பதினாறு. பதினாறும் பெத்தாச்சு, இனிமே பெருவாழ்வுதான் பாக்கி!" திருமண வாழ்த்தில் செல்வப் பேறுகளைக் குறிக்கும் எண்ணை எடுத்து, வலைக்குள் புகுந்த பந்துகளுக்கு அவர் பொருத்திவிட்டார். 'பெறுதல்' என்னும் வினை இரண்டு இடத்திற்கும் பிசகின்றி ஒட்டியது. இதில் வறுமையும் அசைவும் இழவும் இளிவும் ஆகிய நான்கும் உள்ளன. ஆனால் கேட்டவர் எவரும் அழவில்லை. சிலேடை நயத்தை மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்கு அதன்பின் கிடைக்கவில்லை.

பிற நாட்டுச் சான்றுகள்

இவ்வியல்பு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கர் போற்றும் பேஸ்பால் ஆட்டத்தில் சிக்காகோ கப்ஸ் என்றொரு அணி உண்டு. 1908இல் கிண்ணம் வென்ற அவ்வணி மறுமுறை வென்றது 2016இல். இடையில் 108 ஆண்டுகள். 1945இல் தம் ஆட்டுடன் அரங்கிற்கு வந்த உணவுக்கடை உரிமையாளர் ஒருவர் வெளியேற்றப்பட்டார் என்றும், அவர் இட்ட சாபமே தோல்விக்குக் காரணம் என்றும் அச்சுவைஞர் கதை கட்டினர். சாபம் 1945இல் பிறந்தது. தோல்வியோ அதற்கு முன் 37 ஆண்டுகளாக நடந்து வந்தது. காரணம் காரியத்திற்குப் பின்னே பிறந்த இவ்விந்தையைக் கப்ஸ் சுவைஞர் அறியாதவர் அல்லர். அறிந்தே நகுகின்றனர்.

நியூயார்க் நகரின் ஒரு பகுதியான புரூக்ளினில் டாட்ஜர்ஸ் என்னும் அணி இருந்தது. 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் இறுதித் தொடருக்குச் சென்று, ஐந்திலும் அதே நகரத்து யாங்கீஸ் அணியிடம் தோற்றது. 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம்' என்பது அவ்வூரார் நாவில் பழமொழியாயிற்று. 1955இல் அந்த 'அடுத்த ஆண்டு' வந்தது. 1957 ஆட்டப் பருவம் முடிந்ததும் அணியின் உரிமையாளர் அணியையே லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டார். தோல்வியைத் தாங்கிச் சிரித்த ஊரினால் இப்பிரிவைச் சிரித்துத் தாங்க இயலவில்லை. தோல்வியை நகும் சுவைஞனும், 'நம்முடையது' என்னும் உரிமை பறிபோனால் நகுவதில்லை என்பதற்கு இது சான்று.

இந்தியாவிலும் பெங்களூரின் கிரிக்கெட் அணி 2008இல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியில் 2009, 2011, 2016 என மூன்று இறுதியாட்டங்களில் தோற்றது. அவற்றுள் 2011இல் தோற்றது சென்னையிடம், சென்னையிலேயே. 'இவ்வாண்டு கிண்ணம் நமதே' என்னும் பொருள்பட அவர்கள் எழுப்பிய கன்னட முழக்கம், ஆண்டுகள் செல்லச் செல்ல எதிரிகள் எள்ளும் முழக்கமாயிற்று. பின்னர் அச்சுவைஞரே தம்மை நகுவதற்கு அதனைக் கையாண்டனர். பேராசிரியர் கூறிய முதல் வகை எள்ளல் இரண்டாம் வகையாக மாறியதை இங்குக் கண்கூடாகக் காணலாம். 2025 ஜூன் 3ஆம் நாள் அவ்வணி முதன்முறையாகக் கிண்ணம் வென்றது. நகைப்பொருளாயிருந்த முழக்கம் அன்றிரவு மெய்யுரை ஆயிற்று.

எள்ளும் உரிமை யாருக்கு?

மேற்கூறிய சான்றுகளால் ஒன்று தெளிவாகிறது. தோற்ற அணியைப் பற்றிய நகைச்சொல் எவர் வாயிலிருந்து வருகிறது என்பதே அதன் பொருளை உறுதி செய்கிறது. நம் வீட்டுப் பிள்ளையை நாம் ஏசலாம். அடுத்த வீட்டார் ஏசினால் வேலி தாண்டிச் சண்டை வரும். "நம் கோல்காவலருக்கு முதுகுவலி, வலையிலிருந்து குனிந்து குனிந்து பந்து எடுத்ததனால்" என்று நம் சுவைஞர் சொன்னால் அரங்கமே நகும். அதே சொல்லை எல்லைக்கு அப்பாலிருந்து ஒருவர் சொன்னால், நகைத்த அதே வாய் சினந்து பேசும். சொல் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. சொல்வோனுக்குரிய உரிமையே மாறிவிட்டது.

ஆகவே, இந்நகையை இகழ்ச்சி என்று கொள்வது பிழை. இகழ்வோன் விலகி நிற்பான். இவன் உள்ளே நிற்கிறான். இதனை மனமடிவு என்று கொள்வதும் பொருந்தாது. மனமடிந்தவன் அடுத்த ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. திருவள்ளுவர் இடுக்கணழியாமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே துன்பம் வரும்போது நகுமாறு பணித்தார். துன்பத்தை ஏறிக் கடப்பதற்கு அதற்கு ஒப்பான கருவி வேறில்லை என்றார். அங்கு நகுபவன் வினை செய்பவன். தன் முயற்சியால் துன்பத்தைக் கடப்பவன். சுவைஞனோ களத்தில் இறங்கி ஒரு பந்தையும் உதைக்க இயலாதவன். பிறர் தோல்வியைத் தன் தோல்வியாக ஏற்று, அதன்பின் நகுபவன். இவன் நகைக்கு முன்னே ஓர் ஏற்பு நிகழ்கிறது. அவ்வேற்புக்குப் பெயர்தான் உரிமை.

இக்கருத்து நம் பழைய இலக்கியத்திற்குப் புதியதன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் நாணி வடக்கிருந்தான். வெண்ணிக் குயத்தியார் வென்றவன் முன்னிலையிலேயே, தோற்று வடக்கிருந்தவன் அவனினும் நல்லவன் அல்லனோ என்று வினவினார். புறநானூற்றில் 66ஆம் பாட்டாக உள்ளது அது. வென்றோரை மட்டும் பாடுவது புலமையன்று என்னும் துணிவு அன்றே நம்மிடம் இருந்தது. தோற்றவனுக்கு அவர் பெருமிதத்தை அளித்தார். பந்தாட்டச் சுவைஞன் நகையை அளிக்கிறான். இருவரும் தோற்றவனைக் கைவிடவில்லை என்பதில் ஒப்பர்.

நகை நின்றுபோகும் இடம்

எல்லாத் தோல்வியும் நகைக்கு உரியதா எனின், அன்று. நகைக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும்.

பத்துக் கோல் வாங்கிய ஐந்து நாட்களில், 2015 செப்டம்பர் 8ஆம் நாள், ஷா ஆலாம் அரங்கில் சவூதி அரேபியாவுடன் நம் அணி மோதியது. 1–2 எனப் பின்தங்கியிருந்தபோது, கூட்டத்தில் ஒரு சாரார் தீப்பந்தங்களையும் பட்டாசுகளையும் திடலில் எறிந்தனர். ஆட்டம் முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கையில் நிறுத்தப்பட்டது. வெற்றி சவூதிக்கு வழங்கப்பட்டது. 'பதினாறு' என்று சிலேடை சொல்லத் தெரிந்தவன் தீப்பந்தம் எறிய மாட்டான். நகை வற்றிய இடத்தில் வெகுளி எழுந்தது. வெகுளி தன் அணிக்கே தீங்கு செய்தது.

இரண்டாவது அதனினும் கசப்பானது. 2015 ஜூனில் கிழக்குத் திமோர் அணியுடன் நம் அணி 1–1 எனச் சமனில் ஆடியது. பிரேசிலில் பிறந்த ஆட்டக்காரர்களைப் பொய்யான ஆவணங்களால் கிழக்குத் திமோர் ஆடவிட்டதாக ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு 2017இல் கண்டு தண்டனை விதித்தது. அன்று நாம் அவர்களை எள்ளினோம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 10ஆம் நாள், புக்கிட் ஜாலிலில் வியட்னாமை 4–0 என வென்று நாடே களித்தது. செப்டம்பரில் உலகச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, நம் அணிக்காக ஆடிய அயல்நாட்டில் பிறந்த எழுவரின் ஆவணங்கள் பொய்யாகப் புனையப்பட்டவை என்று தீர்ப்பளித்து, அவ்வெழுவருக்கும் ஓராண்டுத் தடையும் மலேசியக் காற்பந்துச் சங்கத்திற்கு மூன்றரை இலட்சம் சுவிஸ் பிராங்கு தண்டமும் விதித்தது.

அவ்வாரம் தேநீர்க் கடைகளில் வழக்கமான நகைச்சொற்கள் எழவில்லை. எழுந்த சிலவும் கசந்தன. பத்துக் கோலுக்குச் சிரித்தவர் நான்கு கோல் வெற்றிக்குத் தலை குனிந்தனர். இதன் காரணம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. தோல்வி ஆற்றலின் குறையைக் காட்டுகிறது. ஆற்றல் குறைந்தவனை அன்பு கொண்டோர் நகலாம். அவனும் உடன் நகலாம். பொய் என்னும் தீர்ப்பு நெஞ்சின் குறையைக் காட்டுகிறது. அதனைத் தன்னதென ஏற்றுக்கொண்டு நகுவதற்கு எவன் மனமும் ஒப்பாது. தோல்வியில் நகை பிறக்கலாம். வஞ்சனையில் இளிவரலே பிறக்கும். தொல்காப்பியர் இளிவரலை நகையின் வேறாக வைத்தது எத்துணைப் பொருத்தம்!

நம் பங்கு

இனி, நம்மவரைக் குறித்துச் சில சொல்ல வேண்டும். கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு அருகில் ஒரு திடல் இருக்கும். பால்மரம் வெட்டிக் களைத்தவர் மாலையில் அங்கே பந்து உதைப்பர். ஞாயிறன்று தோட்டத்திற்குத் தோட்டம் போட்டி நடக்கும். அத்தகைய திடல்களை உடைய சமூகத்திலிருந்துதான் தேசிய அணிக்கு ஆட்டக்காரர் வந்தனர். 1972இல் மூனிக் சென்ற அணியில் எம். சந்திரன் தற்காப்பில் நின்றார். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறையும்வரை மக்கள் நெஞ்சில் வீற்றிருந்தார். பி. சத்தியநாதனும் கே. இராஜகோபாலும் ஆட்டக்காரராக விளங்கிப் பின் தேசிய அணியின் பயிற்றுநராகவும் உயர்ந்தனர்.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, திடல்கள் பலவற்றைப் புல் மூடியது. நகரங்களில் நெருங்கிய வீடுகளுக்கிடையே பந்து உதைக்க இடமில்லை. தேசிய அணியில் தமிழ்ப் பெயரைக் காண்பதும் அரிதாயிற்று. இந்நிலையில் நம் பிள்ளைகள் பலர் ஆங்கில நாட்டு அணிகளின் சட்டையை அணிந்து, அவற்றின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடுகின்றனர். அதனைக் குற்றமென்று கூறவில்லை. ஆனால் வெல்லும் அணியாகப் பார்த்துத் தேர்ந்துகொள்வதில் மடனும் இல்லை, நகையும் இல்லை. தோற்றால் வேறொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தேர்ந்து வாங்கிய பொருளிடம் நமக்கு இருப்பது வாங்குவோனின் உரிமை. பிறப்போடு வந்ததனிடம் இருப்பது மகனின் உரிமை. நம் மாநில அணியாகிய சிலாங்கூரையே எடுத்துக்கொள்வோம். 33 முறை மலேசியக் கிண்ணம் வென்ற அவ்வணி கடைசியாக வென்றது 2015இல். அதன்பின் ஜொகூரின் கொடி பறக்கக் கண்டும் செந்நிறச் சட்டையைக் கழற்றாத சிலாங்கூர்ச் சுவைஞன் இவ்வேறுபாட்டை நன்கு உணர்வான்.

தமிழன் ஒருவன், சீனரும் மலாய்க்காரரும் சூழ்ந்த தேநீர்க் கடையில் அமர்ந்து, "நம்ம ஆளுங்க இன்னைக்கும் கவுத்துட்டாங்க" என்கிறான். மற்ற இருவரும் நகுகின்றனர். 'நம்ம' என்னும் அச்சொல்லை எவரும் மறுப்பதில்லை. நீ யார் அவ்வாறு சொல்ல என்று வினவுவதுமில்லை. வெற்றி விழாவில் மேடைமேல் நின்று ஒற்றுமை பேசுவது எளிது. தோல்வியன்று ஒரே மேசையில் அமர்ந்து ஒரே நகைச்சொல்லுக்குச் சிரிப்பதில் உள்ள ஒற்றுமை எவராலும் ஏற்பாடு செய்யப்படாதது. 1980 வெற்றியை அடிப்படையாகக் கொண்டு 2016இல் 'ஓலா போலா' என்னும் திரைப்படம் வந்தது. மூவினத்தாரும் அதனைப் போற்றினர். அது வெற்றி தந்த ஒற்றுமையைக் காட்டிய படம். தோல்வி தந்த ஒற்றுமையை எழுத, நம் மொழியில் ஒரு நல்ல சிறுகதையாசிரியர் முன்வருதல் வேண்டும். பொருள் காத்திருக்கிறது.

வகுப்பறைக்கு

ஆசிரிய நண்பர்கள் கருதுதற்குரிய ஒன்றைக் கூறி முடிக்கிறேன். மாணவர் தம் கட்டுரையில் இத்தகைய நகைச்சுவையைக் கையாண்டால், 'பொறுப்பின்மை' என்று சிவப்பு மையால் அடித்து விடுகிறோம். ஒரு முறை ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் 'நான் கண்ட கனவு' என்னும் தலைப்பில், மலேசிய அணி உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடியதாக எழுதினான். வருணனை நன்றாக இருந்தது. இறுதியில் நம் அணி 1–2 எனத் தோற்றது. "கனவுதானே, கனவிலாவது வெல்ல வைத்திருக்கலாமே?" என்று கேட்டேன். "வெல்ல வச்சா யாரும் நம்ப மாட்டாங்க, ஐயா" என்றான். புனைவுக்கு நம்பகத்தன்மை வேண்டும் என்று நான் பல வாரங்கள் கற்பித்ததை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். அவன் இறுதியாட்டம்வரை அணியைக் கொண்டு சென்றதையும் கவனிக்க வேண்டும். அது மடன். அங்கே தோற்க விட்டது எள்ளல். இரண்டிற்கும் அடியில் இருந்தது அன்பு.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இது: அழுகைக்குரிய களனில் நகை பிறக்குமாயின், அங்கே பிறர் இழவைத் தன் இழவாக ஏற்ற ஒருவன் இருக்கிறான் என்பது பெறப்படும். கரும்பலகையில் நகைக்கும் அழுகைக்கும் நடுவே கிழிக்கும் கோட்டை நாம் சற்று மெல்லியதாகவே கிழிப்போமாக. 2024 ஜனவரி 25ஆம் நாள், ஆசியக் கிண்ணத்தில் முன்னரே வாய்ப்பிழந்துவிட்ட நம் அணி, ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ரோமெல் மொராலெஸ் புகுத்திய கோலால் தென்கொரியாவுடன் 3–3 எனச் சமன் செய்தது. அது வெற்றியன்று; அதனால் பயனொன்றும் விளையவுமில்லை. ஆயினும் அன்று நம் சுவைஞர் சிலர் சிரித்தனர், சிலர் அழுதனர். எவர் எதனைச் செய்தார் என்று பகுத்தறிவது அருகில் இருந்தோருக்கும் அரிதாயிருந்தது.